தாடியில் ஏதோ சரியில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது எப்படி

தாடி அரித்தாலும் சரி, செதில் உதிர்ந்தாலும் சரி, முள் மாதிரி விறைத்து நின்றாலும் சரி, பலரும் முதலில் செய்வது புதிதாக ஒரு எண்ணெய் வாங்குவதுதான். அது பலிக்காவிட்டால் இன்னொன்று. ஆனால் தாடிக் கோளாறுகளில் பெரும்பாலானவை முடியில் ஆரம்பிப்பதே இல்லை. அடியில் மறைந்திருக்கும் தோலிலோ, நாம் வெட்டுகிற முறையிலோ ஆரம்பிக்கின்றன. தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரற்ற பொருள். அதன்மேல் எதைப் பூசினாலும் பளபளப்பு வரும், காரணம் போகாது. அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் தோலைப் பார்ப்பதிலிருந்தே தொடங்குங்கள்.

தாடியைக் கழுவி, எதுவும் தடவாமல் முழுக்கக் காயவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, வகிடு எடுப்பதுபோல விரலால் முடியைப் பிரித்து அடித்தோலைப் பாருங்கள். கன்னம், மீசைக்கு அடியில், முகவாய், தாடையின் அடிப்பக்கம், கழுத்து என்று ஒவ்வோர் இடமாகப் பாருங்கள். தோல் சிவந்திருக்கிறதா, செதில் ஒட்டியிருக்கிறதா, பரு இருக்கிறதா? கருமையான தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாது. கரும்பழுப்பாகவோ ஊதா சாயலாகவோ தெரியும். அதைப் பார்த்துவிட்டு "நிறம் கொஞ்சம் கருத்திருக்கிறது, அவ்வளவுதான்" என்று விட்டுவிடக் கூடாது.

இன்னொன்று. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். ஷாம்பூ, எண்ணெய், பிளேடு மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு வாரமாவது கொடுங்கள்.

அரிக்கிறது

எப்போது ஆரம்பித்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

மழித்துக்கொண்டிருந்தவர் புதிதாகத் தாடி விட்டு இரண்டு மூன்று வாரத்தில் அரித்தால், அது பெரும்பாலும் நோய் அல்ல. ரேசர் வெட்டிய முடியின் நுனி கூர்மையான விளிம்போடு இருக்கும். அது கொஞ்சம் வளர்ந்து வளையத் தொடங்கும்போது பக்கத்துத் தோலைக் குத்துகிறது. இந்தக் கட்டத்தில்தான் பலர் பொறுக்க முடியாமல் மழித்துவிடுகிறார்கள், அடுத்த முறை அதே அரிப்பிலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள். மழிக்காமல் தள்ளிப்போடுங்கள். மென்மையான ஃபேஸ் வாஷால் கழுவி, தோல் ஈரமாக இருக்கும்போதே வாசனை கலக்காத மாய்ஸ்சரைசரை விரல் நுனியால் தோல்வரை தேயுங்கள். முடி நீளமானதும் குத்துவது நின்றுவிடும். நாலாவது வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பல மாதமாக நிம்மதியாக இருந்த தாடி திடீரென்று அரித்தால் கதை வேறு. சமீபத்தில் முகத்துக்குப் புதிதாக என்ன வந்தது என்று யோசியுங்கள். சோப்பு, தாடி எண்ணெய், தாடியில் பூசும் பாம், வாசனைத் திரவியம் எதுவாகவும் இருக்கலாம். வாசனைக்காகச் சேர்க்கும் டீ ட்ரீ, பெப்பர்மின்ட், பட்டை எண்ணெய்கள் இயற்கையானவைதான். ஆனால் தோல் ஒவ்வாமைக்கு அவை நன்கு அறியப்பட்ட காரணங்கள். இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மென்மையான ஃபேஸ் வாஷ் மட்டும் போடுங்கள். அரிப்பு அடங்கினால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். குற்றவாளி தானே வெளியே வருவான். அரிப்போடு செதிலும் இருந்தால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

சட்டையில் வெள்ளைத் துகள் உதிர்கிறது

இதைத்தான் அதிகம் பேர் தவறாகக் கையாளுகிறார்கள். ஏனென்றால் ஒரே மாதிரி தோன்றும் இரண்டு கோளாறுகளுக்கு நேர் எதிரான வைத்தியம்.

விரலால் தாடியைக் கோதி, உதிர்வதைக் கறுப்புத் துணியில் விழவிட்டுப் பாருங்கள். துகள் பொடியாக, வெள்ளையாக, உலர்ந்து இருந்தால், கூடவே முகம் கழுவியதும் தோல் இழுத்துப் பிடிப்பதுபோல இருந்தால், அது வறட்சி. காரணம் பெரும்பாலும் குளியல் சோப்பு. சாதாரண சோப்புக் கட்டி காரமானது, அமில கார அளவான பி.எச். அதில் 9 முதல் 10 வரை இருக்கும். தோலின் இயல்பு நிலையோ 5-ஐ ஒட்டியது, லேசான அமிலம். தினமும் சோப்பு போடப் போடத் தோல் தன் எண்ணெய்ப் பசையை இழக்கிறது. சோப்பை நிறுத்துங்கள், சூடான தண்ணீரை வெதுவெதுப்பாக்குங்கள், ஈரத்தோலில் மாய்ஸ்சரைசர் போடுங்கள். எண்ணெயும் இங்கே உதவும்.

துகள் மஞ்சள் சாயலோடு, பிசுபிசுப்பாக, முடியின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தால் அது பொடுகு. அடித்தோல் சிவந்திருக்கும். மூக்கின் இருபக்க மடிப்பு, புருவம், காதின் பின்புறம், தலை ஆகிய இடங்களையும் பாருங்கள். அங்கேயும் இருந்தால் கிட்டத்தட்ட உறுதி. மலசீசியா என்கிற பூஞ்சை எல்லார் தோலிலும் வாழ்கிறது, தோலின் எண்ணெய்ப் பசையைத் தின்றுதான் பிழைக்கிறது. சிலருடைய தோல் அதற்கு அழற்சியாக எதிர்வினை காட்டுகிறது. இப்போது யோசித்துப் பாருங்கள்: செதிலைப் பார்த்து வறட்சி என்று நினைத்து, இரவெல்லாம் எண்ணெய் ஊறவிட்டால் என்ன ஆகும்? பூஞ்சைக்குச் சோறு போட்ட கதைதான். ஆலிவ் எண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று மாற்றி மாற்றித் தடவியும் செதில் கூடிக்கொண்டே போகிறது என்பவர்கள் முதலில் எண்ணெயை நிறுத்த வேண்டும்.

அப்புறம் பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூ. ஜிங்க் பைரிதியோன், செலீனியம் சல்ஃபைடு கலந்த பொடுகு ஷாம்பூக்களும் உண்டு. எதுவானாலும் போடும் முறையில்தான் பலன். நனைத்த தாடியில் விரல் நுனியால் தோல்வரை தேய்த்து, 3 முதல் 5 நிமிடம் அப்படியே விட்டு, நன்றாக அலசுங்கள். நுரை வந்ததும் கழுவிவிட்டால் மருந்து வேலை செய்ய நேரமே இருக்காது. வாரம் 2 முறை, 2 முதல் 4 வாரம். இந்த ஷாம்பூ முடியை உலர்த்தும். அதற்குக் கண்டிஷனரை முடியின் நீளத்தில் மட்டும் போடுங்கள், தோலுக்கு வேண்டாம். அடங்கியபிறகும் முழுசாக விட்டுவிடாதீர்கள். பொடுகு திரும்பி வரும் சுபாவம் உள்ளது. வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ தொடர்ந்தால் கட்டுக்குள் இருக்கும்.

நாலு வாரமாகியும் குறையாவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள். வெள்ளி நிறத்தில் தடித்த செதில், முழங்கை முழங்காலிலும் அதே மாதிரி என்றால் அது சொரியாசிஸாக இருக்கலாம். நீங்களாக ஸ்டீராய்டு களிம்பு மட்டும் தடவாதீர்கள். முதல் நாள் அற்புதமாக இருக்கும். தொடர்ந்தால் முகத்தோல் மெலியும், உள்ளே பூஞ்சைத் தொற்று இருந்தால் அது மறைந்து வளரும்.

முடி கம்பி மாதிரி முரடாக இருக்கிறது

தாடி முடி தலைமுடியைவிடத் தடிமன். கொஞ்சம் முரடாக இருப்பது அதன் இயல்பு. பட்டாக மாற்ற முடியாது, பணிய வைக்க முடியும்.

தினமும் ஷாம்பூ போடுவதையும், டிரையரை அதிகச் சூட்டில் வைப்பதையும் முதலில் நிறுத்துங்கள். ஷாம்பூ வாரம் 2 அல்லது 3 முறை போதும், மற்ற நாளில் தண்ணீரில் அலசினால் சரி. எண்ணெய் தடவும் நேரம்தான் அடுத்தது. எண்ணெயில் ஈரப்பசை கிடையாது, இருக்கிற ஈரத்தைத் தப்பவிடாமல் பிடித்துவைப்பதே அதன் வேலை. காய்ந்த தாடியில் தடவினால் பிடித்துவைக்க ஒன்றும் இல்லை. குளித்துத் துண்டால் ஒற்றியெடுத்த அரை ஈரத்தில், சின்னத் தாடிக்கு 3, 4 சொட்டு உள்ளங்கையில் தேய்த்து, முதலில் தோலில், பிறகு முடியில் தடவிச் சீவுங்கள். பரு வரும் தோலாக இருந்தால் தேங்காய் எண்ணெயைவிட ஹோஹோபா தேவலை. அது உண்மையில் ஒரு திரவ மெழுகு, தோலில் அடைப்பு உண்டாக்குவது குறைவு.

நுனி பிளந்துவிட்டால் மட்டும் எந்த எண்ணெயாலும் அதை ஒட்டவைக்க முடியாது. வெட்டித்தான் ஆக வேண்டும்.

கழுத்தில் சிவந்த மேடுகள்

மழித்த சில நிமிடங்களில் ஒரு பரப்பு முழுக்க எரிந்து, இரண்டு மூன்று நாளில் தானே அடங்கினால் அது ரேசர் எரிச்சல். ஒரு நாள் கழித்துத் தனித்தனி மேடுகளாக வந்து, உற்றுப் பார்த்தால் உள்ளே முடி வளையமாகச் சுருண்டு கிடந்தால் அது உள்வளர்ந்த முடி. சுருட்டை முடிக்காரர்களுக்கு இது அதிகம். பல பிளேடு உள்ள ரேசர் முடியைத் தூக்கி இழுத்து வெட்டுகிறது. வெட்டுப்பட்ட நுனி தோலுக்குக் கீழே போய், வளரும்போது பக்கவாட்டில் தோலைத் துளைக்கிறது. உடம்பு அதை அந்நியப் பொருளாக நினைத்து வீங்குகிறது. ஆக, "வழவழப்பாக மழிக்க வேண்டும்" என்ற ஆசைதான் இதன் வேர்.

மிகச் சிறந்த வைத்தியம் மழிப்பதை 3, 4 வாரம் நிறுத்துவது. அவ்வளவு முடியாது என்றால் ட்ரிம்மரால் 1 மி.மீ. விட்டு வெட்டுங்கள். எட்டடி தள்ளி நிற்பவருக்கு அந்த 1 மி.மீ. தெரியாது, உங்கள் தோலுக்கு அது பெரிய விடுதலை.

மழித்தே ஆக வேண்டியவர்கள் முதலில் முடி வளரும் திசையைக் கண்டுபிடியுங்கள். இரண்டு நாள் வளர்ந்த முள்ளின்மேல் விரலை நாலு திசையிலும் ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போகும் திசைதான் அது. கன்னத்தில் கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில் அப்படி இல்லை. பக்கவாட்டாக, மேல்நோக்கி, சிலருக்குச் சுழியாகக்கூட வளரும், இடது கழுத்தும் வலது கழுத்தும் ஒத்துப்போகாது. கழுத்தில் மட்டும் தொல்லை வருவதற்கு இதுதான் காரணம். குளித்த பிறகு, ஷேவிங் ஜெல் தடவி, ஒற்றை பிளேடு ரேசரால், தோலை இழுத்துப் பிடிக்காமல், அந்தத் திசையிலேயே மழியுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள்.

இருக்கிற மேடுகளுக்கு இரவில் சேலிசிலிக் அமிலம் கலந்த லோஷன் உதவும். பென்சாயில் பெராக்ஸைடும் உதவும், ஆனால் அது துண்டு, தலையணை உறை, ஏன் தாடியின் நிறத்தைக்கூட வெளுக்கும். ஊசி, ட்வீசர் வைத்துத் தோண்டாதீர்கள். முடி வளையம் வெளியே தெரிந்தால் அதன் ஒரு முனையை விடுவித்தால் போதும். பிடுங்கினால் அடுத்த முடியும் அதே மாதிரி உள்ளேயே வளரும். மேடு கெட்டியாகி, நாளாக நாளாகப் பெரிதானால் அது கெலாய்டு தழும்பாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள். தொடர்ந்து அவதிப்படுகிறவர்கள் கழுத்துப் பகுதிக்கு லேசர் முடி நீக்கம் பற்றியும் அவரிடமே கேட்கலாம்.

சீழ் வைத்த பரு, வட்டமான புண்

முடிவேரில் சின்னச் சின்னச் சீழ்ப் பரு வந்தால் பெரும்பாலும் பாக்டீரியா. மழிப்பதை நிறுத்தி, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை 10, 15 நிமிடம், நாளைக்கு 3 முறை ஒற்றி வையுங்கள். பிளேடைத் தூக்கிப் போடுங்கள். பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவர்.

விளிம்பு தடித்து வட்டமாகப் பரவி, அந்த இடத்து முடி லேசாக இழுத்தாலே வந்துவிட்டால் அது படர்தாமரை. ஆடு மாடுகளோடு புழங்குகிறவர்களுக்கு அவற்றிடமிருந்தும் தொற்றும். பூஞ்சை முடிவேர்க்குழிக்குள் ஆழமாக இருப்பதால் களிம்பு எட்டாது. மாத்திரை தேவைப்படும். வீட்டு வைத்தியத்துக்கு இங்கே இடமே இல்லை.

இந்த இடத்தில் கண்டிப்பாக ஒன்று சொல்லிவிடுகிறேன். ரேசரையும் ட்ரிம்மரையும் அண்ணன் தம்பியோடுகூடப் பகிராதீர்கள். ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே 7 நாளாவது உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன வெட்டு போதும்.

ட்ரிம்மர் முடியைப் பிடித்து இழுக்கிறது

இந்த வரிசையில் பாருங்கள். சார்ஜ் குறைந்திருக்கிறதா? வேகம் குறைந்த பிளேடு வெட்டாது, பிடுங்கும். பல்லிடுக்கில் முடியும் எண்ணெய்ப் பசையும் அடைந்திருக்கிறதா? பிரஷால் துடையுங்கள். பிளேடுக்கு எண்ணெய் விட்டு எத்தனை நாளாயிற்று? கூடவே வந்த மெல்லிய எண்ணெயில் ஒரு சொட்டு விட்டு, சில விநாடி ஓடவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசினாகி இறுகும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால், தாடி ஈரமாகவோ எண்ணெயோடோ இருக்கலாம். அல்லது மிக நீளமாக இருக்கலாம். அப்போது கத்தரிக்கோலால் முதலில் நீளத்தைக் குறையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பிளேடு மழுங்கிவிட்டது, மாற்றுங்கள்.

ஒரு பக்கம் குறைந்து, ஒரு பக்கம் கூடிவிட்டது

ட்ரிம்மரைக் கீழே வையுங்கள். உடனே சமன் செய்யப் போனால் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று தாடியே காணாமல் போய்விடும். நேராக நின்று கைபேசியில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கண்ணாடியில் தலையைச் சாய்த்தே பார்த்துப் பழகியிருப்போம். படத்தில் வித்தியாசம் பாதியாகத் தெரியும். முகமே இருபக்கமும் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை, தாடியிடம் மட்டும் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

உண்மையிலேயே குழி விழுந்திருந்தால், ட்ரிம்மரில் அடுத்த பெரிய சீப்பு மாட்டி அதைச் சுற்றி லேசாக ஓட்டி விளிம்பைக் கரைத்துவிடுங்கள். மிச்சத்தை வளர்ச்சி பார்த்துக்கொள்ளும். தாடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. 3 மி.மீ. குழி ஒன்பது பத்து நாளில் நிரம்பிவிடும்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். காய்ந்த தாடியை வளரும் திசைக்கு எதிராகச் சீவித் தூக்கிவிட்டு, பிறகு இயல்பான திசையில் படியவிடுங்கள். ஈரத் தாடி நீளமாகத் தெரியும், காய்ந்ததும் சுருங்கும், அதை நம்பி வெட்டக் கூடாது. நீங்கள் நினைக்கிற அளவைவிடப் பெரிய சீப்பில் தொடங்குங்கள். காதுப் பக்கத்திலிருந்து முகவாய் நோக்கி, இரண்டு பக்கமும் மாறி மாறி வெட்டுங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் கை அழுத்தம் மாறிவிடும். சீப்பு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று விரலால் ஆட்டிப் பார்க்க மறக்காதீர்கள்.

கழுத்துக் கோடு ஏறிப்போய்விட்டது

தாடை எலும்பை ஒட்டிக் கோடு போட்டால் பேசும்போதும் குனியும்போதும் கோட்டுக்குக் கீழே வெறும் சதை பிதுங்கித் தெரியும். முகவாய் இரட்டையாகத் தோன்றும். தலையை அண்ணாந்து வைத்து வெட்டுவதால் வருவது இது. அண்ணாந்தால் கழுத்துத் தோல் இழுபட்டு இடம் மாறிவிடுகிறது.

நேராகப் பார்த்து நில்லுங்கள். விழுங்கும்போது தொண்டையில் ஏறி இறங்கும் மேட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே ஒரு புள்ளி. அங்கிருந்து இரண்டு காதின் பின்பக்கம் வரை மெல்ல வளைந்து ஏறும் கோடு. அதற்குக் கீழே மட்டும் எடுங்கள். ஏற்கெனவே ஏற்றிவிட்டவர் ஓரிரு வாரம் அந்த இடத்தைத் தொடாமல் இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. கன்னக் கோட்டை முடிந்தவரை இயற்கை விட்ட இடத்திலேயே விடுங்கள், தனியாக நிற்கும் முடியை மட்டும் நீக்கினால் போதும்.

மீசை வாய்க்குள் போகிறது

நேராகக் கீழே சீவி, வாயை இயல்பாக மூடி, சின்னக் கத்தரிக்கோலால் உதட்டின் மேல்விளிம்பை ஒட்டி நடுவிலிருந்து ஓரத்துக்கு வெட்டுங்கள். சிரித்துக்கொண்டோ உதட்டை இழுத்துக்கொண்டோ வெட்டினால் முகம் தளர்ந்ததும் மீசை ஏறிவிடும்.

பக்கவாட்டில் பறந்து நிற்கிறது

முடி எந்த வடிவத்தில் காய்கிறதோ அந்த வடிவத்திலேயே நிற்கும், மறுபடி நனையும்வரை. துண்டால் கசக்கித் துடைத்து அப்படியே விட்டால் அந்தக் கலைசல்தான் நாள் முழுக்க. ஒற்றியெடுத்து, கீழ்நோக்கிச் சீவியபடி, மிதமான சூட்டில் டிரையர் காட்டி, கடைசியில் குளிர்காற்றில் முடியுங்கள். மெழுகு கலந்த பாம் கொஞ்சம் போட்டால் பிடித்து நிற்கும். அப்படியும் முகம் உருண்டையாகத் தெரிந்தால், காதோரமும் கன்னமும் முகவாயைவிட ஒரு சீப்பளவு குட்டையாக இருக்கட்டும்.

இடைவெளி விட்டு விட்டு வளர்கிறது

முதலில் வயதைப் பாருங்கள். இருபதுகளின் பிற்பாதி வரைகூடத் தாடி அடர்ந்துகொண்டே போகும். இருபது வயதில் கன்னத்தில் இடைவெளி இருப்பதில் கவலைப்பட ஒன்றுமில்லை. மழித்தால் அடர்த்தியாக வளரும் என்பது உண்மையில்லை. மழித்த நுனி இயல்பாகக் கூம்பாமல் தட்டையாக வெட்டுப்பட்டிருப்பதால் தடித்துத் தெரிகிறது, அவ்வளவே. ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஓரங்களைத் தொடாமல் விட்டுப் பாருங்கள். பக்கத்து முடி நீண்டு இடைவெளியை மூடலாம். மூடாவிட்டால் மொத்தத்தையும் 3 மி.மீ. அளவில் வைத்தால் இடைவெளி கண்ணை உறுத்தாது. மினாக்சிடில் தலையில் முடி வளர அனுமதிக்கப்பட்ட மருந்து. தாடிக்குப் போட வேண்டுமானால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் மிகுந்த கவனம் தேவை. பூனைக்கு அது விஷம், கொஞ்சம் பட்டாலே உயிருக்கு ஆபத்து.

நன்றாக இருந்த தாடியில் திடீரென்று நாணயம் போல வழவழவென்று ஒரு வட்டம் விழுந்தால் அது புழுவெட்டு. உடம்பின் எதிர்ப்பு ஆற்றல் தன் முடிவேரையே தாக்குவதால் வருவது. பலருக்குத் தானாகவே முடி திரும்ப வளர்கிறது, மருத்துவர் ஊசி போட்டோ களிம்பு கொடுத்தோ உதவ முடியும். எரிகிற சாறு எதையாவது தேய்த்து அந்த இடத்தைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

சாயம் அடித்ததும் முகம் எரிகிறது

உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கறுப்புச் சாயங்கள் பலவற்றில் பாரா ஃபினைலீன் டையமின், அதாவது பி.பி.டி., இருக்கிறது. தாடி முகத்தோலோடு ஒட்டியிருப்பதால் ஒவ்வாமை வந்தால் கொப்புளம், நீர்வடிதல், வீக்கம் எல்லாம் முகத்திலேயே வரும். பல வருடம் ஒத்துக்கொண்ட சாயம் ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கறுப்பு மருதாணி என்று சொல்லித் தற்காலிகமாகப் பச்சை குத்துவது போல வரைகிறார்களே, அதில் கலக்கும் பி.பி.டி.யாலும் உடம்பு இந்த ஒவ்வாமையைக் கற்றுக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு முறையும் காதின் பின்னால் ஒரு சொட்டு வைத்து 48 மணி நேரம் பார்த்த பிறகே தாடிக்குப் போங்கள்.

வீக்கம் கண்ணுக்கு ஏறினாலோ, மூச்சு விடச் சிரமமாக இருந்தாலோ, வீட்டில் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். ஒருமுறை இப்படி வந்தவர் பி.பி.டி. கலந்த எந்தச் சாயத்தையும் திரும்பத் தொடக் கூடாது. நரையைக் குட்டையாக, ஒரே சீராக வெட்டி அப்படியே விடுவது அவருக்குச் சாயத்தைவிட நன்றாகவே இருக்கும்.